மஸில்லோடரில் குண்டு சிதறுகிறதா? முதலில் மவுண்ட், பிறகு மருந்து

குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் இறக்கிக் கெட்டிக்கும் துப்பாக்கிதான் மஸில்லோடர். அதில் பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருக்கும் இன்லைன் வகையில் .50 காலிபர் ஒன்றை வாங்கி, அதன் மேல் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிவிட்டார் கேட்டவர். 100 கெஜத்தில் மூன்று குண்டு சுட்டால் ஆறு அங்குலத்துக்குச் சிதறுகிறது. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்டில் எது நல்லது, எவ்வளவு வெடிமருந்து போட்டால் துல்லியமாக அடிக்கும் என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறார். உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: கோளாறு குழலுக்கு மேலே இருக்கிறதா, குழலுக்குள்ளே இருக்கிறதா? அதற்கு விடை தெரியாமல் மருந்தை ஐந்து கிரெயின் (மருந்தையும் குண்டையும் அளக்கும் சிற்றலகு) கூட்டுவதும் குறைப்பதும் இருட்டில் ஊசி தேடுகிற வேலை. தளர்ந்த மவுண்ட் ஒன்று நல்ல கெட்டிப்பையும் (மருந்தும் குண்டும் சேர்ந்த கூட்டு) மோசமாகக் காட்டும். அதைவிடக் கேடு, மோசமான கெட்டிப்பு ஒன்று தற்செயலாக மூன்று குண்டை நெருக்கி வைத்து உங்களை நம்பவைத்துவிடும். அதனால் இந்தப் பதிலில் மவுண்ட் முன்னால் வருகிறது, மருந்து பின்னால் வருகிறது. உங்கள் வேலையும் அந்த வரிசையிலேயே நடக்கட்டும்.

எது உறுதி, எது சோதித்துத்தான் தெரியும் என்பதை இங்கேயே பிரித்துவிடுகிறேன். திருகுகளை எப்படி முறுக்குவது, எந்த மருந்தை எப்படி அளப்பது, எதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது என்பவை உறுதியானவை, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்துபவை. உங்கள் குழலுக்கு எந்தக் குண்டு பிடிக்கும் என்பது அப்படியல்ல. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு குழல்கள்கூட வெவ்வேறு குண்டைக் கேட்கும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு "இந்தக் குண்டு, இவ்வளவு மருந்து" என்று யார் சொன்னாலும் அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதற்கும் இதே விதிதான்.

மவுண்டில் பெரும்பாலும் மூன்று வகை கிடைக்கும். தனித்தனியாக முன்னும் பின்னும் இரண்டு பேஸ் (துப்பாக்கியில் திருகும் அடித்தளம்) வைத்து அவற்றின் மேல் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) மாட்டுவது ஒன்று. நீளமான ஒற்றை ரெயில் வைத்து ரிங் மாட்டுவது இரண்டாவது. பேஸும் ரிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே உலோகத் துண்டாகக் கடைந்தெடுத்தது மூன்றாவது. சிவிஏ நிறுவனத்தின் துப்பாக்கிகளுக்கு வரும் டூராசைட் டெட்-ஆன் மவுண்ட் இந்த மூன்றாம் வகை. மஸில்லோடருக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான், காரணம் எளிது: இணைப்பு எவ்வளவு குறைவோ, தளரும் இடமும் அவ்வளவு குறைவு. முன் ரிங்கும் பின் ரிங்கும் ஒரே கோட்டில் இருக்கும், ஸ்கோப் குழாய் நெளியாது. குறையும் உண்டு. ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்த இடம் கொஞ்சம்தான். கண்ணுக்கும் ஸ்கோப்புக்குமான தூரம் சரிப்படாவிட்டால் ஒற்றை ரெயிலுக்குத்தான் போக வேண்டும். ரெயிலில் வீவர், பிக்காட்டினி என்ற இரண்டு அளவுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிக்காட்டினியின் குறுக்குப் பள்ளம் 0.206 அங்குலம், வீவருடையது 0.180 அங்குலம். வீவர் ரிங் பிக்காட்டினி ரெயிலில் உட்காரும், ஆனால் பள்ளத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பிக்காட்டினிக்கென்று செய்த ரிங் வீவர் பேஸில் பெரும்பாலும் இறங்கவே இறங்காது. ஆட்டம் இருக்கும் ரிங்கை மாட்டும்போது முன்பக்கமாக, அதாவது குழல்வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரிங்கின் குறுக்குக் கம்பி பள்ளத்தின் முன்சுவரை முன்கூட்டியே தொட்டுக்கொண்டிருந்தால் நகர இடமிருக்காது.

மஸில்லோடருக்கே உரிய ஒரு சிக்கல் திருகின் நீளம். பின் பேஸின் துளைகள் பல துப்பாக்கிகளில் பிரீச் பிளக் (குழலின் பின்முனையை அடைக்கும் திருகுமூடி) திருகி உட்காரும் பகுதிக்கு நேர் மேலே வருகின்றன. துளை அடிமூடியதாக இருந்தால், நீளமான திருகு அடியில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், பேஸை அது பிடித்திருக்காது. துளை அடிவரை திறந்திருந்தால், திருகின் நுனி பிரீச் பிளக்கின் மரையை நசுக்கும், பிளக்கைக் கழற்ற முடியாமல் போகும். ஆகவே பேஸோடு வந்த திருகுகளை மட்டும் பயன்படுத்துங்கள், முன் திருகைப் பின்னாலும் பின் திருகை முன்னாலும் மாற்றாதீர்கள். ஒரு திருகை மட்டும் போட்டு முறுக்கிவிட்டுப் பேஸைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் திருகு நீளம். ஒவ்வொரு துளைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்யுங்கள். முறுக்கிய பிறகு பிரீச் பிளக்கைக் கையால் திருகி ஏற்றிப் பாருங்கள், தடங்கலின்றிப் போக வேண்டும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கியின் துளைகளில் எண்ணெய் இருக்கும். துளையையும் திருகையும் அசிட்டோன் அல்லது ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுங்கள். பேஸ் திருகுகளில் நீல நிற திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், சூடு காட்டாமல் கழற்ற வராது. முறுக்குவதற்கு, முறுக்கும் பலத்தை அங்குல-பவுண்டில் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்கோப்புக்கும் மவுண்டுக்கும் செலவழித்த பிறகு இதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. பேஸ் திருகுகளுக்கு வழக்கமாக 15 முதல் 25 அங்குல-பவுண்டு வரை, ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 வரை. ரெயிலில் ரிங்கைப் பிடிக்கும் குறுக்குத் திருகுக்கு 15-ம் உண்டு, 65-ம் உண்டு, தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள். உங்கள் மவுண்டின் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. மேல்மூடித் திருகுகளுக்குத் திரெட்லாக்கர் போடுவதை நான் சொல்வதில்லை. ஈரமாக இருக்கும்போது அது எண்ணெய் மாதிரி வேலை செய்யும், ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகி ஸ்கோப் குழாயை நசுக்கிவிடலாம். மூடியின் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கும்படி மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து பேஸுக்குப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

ரிங்கின் உயரம், ஸ்கோப்பின் முன்கண்ணாடி குழலைத் தொடாத அளவுக்குப் போதும். ஒரு காகிதத்தை மடித்து இடையே ஓட்டினால் தாராளமாக ஓட வேண்டும், அதற்கு மேல் உயரம் வேண்டாம். உயரம் கூடினால் கன்னம் கட்டையில் ஊன்றாது, ஒவ்வொரு தடவையும் தலை வேறு இடத்தில் நிற்கும். குதிரை (அடித்துப் பற்றவைக்கும் சுத்தியல்) வெளியே இருக்கும் மடக்குத் துப்பாக்கியானால் இன்னொன்றையும் பாருங்கள்: ஸ்கோப்பின் பின்பகுதி குதிரைக்கு மேல் வந்து, கட்டைவிரலை வைத்து இழுக்க இடமில்லாமல் போகும். பக்கவாட்டில் நீளும் குதிரை நீட்டிப்பான் ஒன்றைத் திருகிக்கொள்வது கட்டாயம். விரல் வழுக்கி, மருந்து கெட்டித்த துப்பாக்கியின் குதிரை விழுவது சின்ன விஷயமில்லை. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத தூரம் இருக்கட்டும், நாலு அங்குலம் கிடைத்தால் இன்னும் நல்லது. கனமான குண்டும் நிறைய மருந்தும் போட்ட மஸில்லோடரின் உதை பலமானது. நெருங்கி வைத்த ஸ்கோப் புருவத்தைக் கிழிக்கும். மேசையில் சுடும்போது உடம்பு முன்னால் சாயும் என்பதால், நின்று பார்த்து வைத்த தூரத்தை உட்கார்ந்தும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்கோப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். .22 துப்பாக்கிக்கென்று செய்ததைத் தவிர்த்துவிடுங்கள். பாரலாக்ஸ் (கண் அசைந்தால் குறியும் அசைவதுபோல் தெரியும் பிழை) 50 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும், உதைக்கும் பெரும்பாலும் தாங்காது. மஸில்லோடருக்கும் ஷாட்கன்னுக்கும் என்று வருபவை பெரும்பாலும் 75 அல்லது 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை, அவை போதும். தூரத்துக்குத் தூரம் கோடு போட்ட ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) கவர்ச்சியாக இருக்கும். அந்தக் கோடுகள் ஏதோ ஒரு குறிப்பிட்ட குண்டுக்கும் வேகத்துக்கும் கணக்கிட்டவை, உங்கள் கெட்டிப்புக்கு அவை எங்கே விழுகின்றன என்பதைச் சுட்டுத்தான் அறிய வேண்டும். ஸ்கோப்பில் பணத்தைப் போடும் முன் வேட்டை விதியைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஐடஹோவின் மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப் கூடாது, 209 ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) கூடாது, பெல்லட் மருந்தும் (துண்டாக அழுத்திய மருந்து) சேபோவும் (குண்டின் பிளாஸ்டிக் உறை) கூடாது. யூட்டா 2016-இல் உருப்பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்தது, 2024-இல் மஸில்லோடர் பருவத்துக்கு அதைத் திரும்பத் தடை செய்தது. போன வருடப் புத்தகத்தை நம்பிப் போகக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இனி மவுண்டைச் சோதிக்கலாம், இதற்கு ஒரு கிரெயின் மருந்தும் வேண்டாம். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்து, பிரீச் பிளக்கைக் கழற்றி, அசையாதபடி தாங்கியில் வையுங்கள். குழலுக்குள் பின்னாலிருந்து பார்த்தால் 25 கெஜத்தில் இருக்கும் ஒரு புள்ளி குழல்வாய் வட்டத்தின் நடுவில் தெரியும்படி வைக்கலாம். பின்பக்கம் திறந்து பார்க்க முடிகிற துப்பாக்கிகளுக்கு இது பெரிய வசதி. அப்படியே ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கோடு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஸ்கோப்பில் கோளாறு, அல்லது ரிங் அதை நசுக்குகிறது. ஸ்கோப்பைக் கையால் அழுத்தமாக நாலு பக்கமும் தள்ளிவிட்டுக் கோட்டை மறுபடி பாருங்கள். இடம் மாறியிருந்தால் மவுண்ட் தளர்வு. இந்த இரண்டிலும் தேறினால், குழலுக்கு மேலே பெரும்பாலும் கோளாறில்லை. கட்டையைப் பிடிக்கும் திருகையும் குண்டை இறக்கும் கோலைச் செருகும் வளையங்களின் திருகுகளையும் அதே சூட்டில் இறுக்கிவிடுங்கள். இவை தளர்ந்தும் குண்டு சிதறும்.

மருந்துக்கு வருவோம். இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஒன்று இருக்கிறது: சாதாரண தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தை மஸில்லோடரில் போடவே கூடாது. அளவைக் குறைத்தாலும் கூடாது, கருமருந்தோடு கலந்தும் கூடாது. குழல் வெடிக்கும், கை போகும், உயிரும் போகலாம். அதற்கென்றே செய்யப்பட்ட சாவேஜ் 10எம்எல்-II போன்ற மிகச் சில துப்பாக்கிகள் மட்டுமே விதிவிலக்கு. உங்கள் துப்பாக்கியில் போடக்கூடியது கருமருந்தும், பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 போன்ற அதன் மாற்றுகளும்தான். உச்ச அளவு எவ்வளவு என்பதற்குத் துப்பாக்கியோடு வந்த கையேடும் மருந்து டப்பாவும் சொல்வதில் எது குறைவோ அதுவே எல்லை.

அளப்பதில் பலரும் தடுக்கி விழுவது கன அளவுக்கும் எடைக்கும் இடையில்தான். மஸில்லோடரில் "100 கிரெயின்" என்றால், கருமருந்துக்கென்று அளவு குறித்த அளவைக்குழாயில் 100 என்ற கோடு வரை நிரப்புவது என்று பொருள். தராசில் 100 கிரெயின் என்று பொருளல்ல. மாற்று மருந்துகள் கருமருந்தைவிட இலேசானவை, அவற்றைத் தராசில் 100 நிறுத்துப் போட்டால் ஆபத்தான அளவுக்கு அதிகமாகிவிடும். பிளாக்ஹார்ன் 209-க்குத் தெளிவான கணக்கு உண்டு: கன அளவை 0.7-ஆல் பெருக்கினால் எடை. 100 கன அளவென்றால் தராசில் 70 கிரெயின். அந்த மருந்துக்குச் சாதாரண மஸில்லோடர்களில் உச்சமாகச் சொல்லப்படுவது கன அளவில் 120, அதாவது எடையில் 84. இந்தக் கணக்கைப் பிசகாமல் பிடித்தவர்களுக்குத் தராசு பெரிய துணை. அளவைக்குழாயில் தட்டி நிரப்புவதும் தட்டாமல் நிரப்புவதும் இரண்டு மூன்று கிரெயின் வித்தியாசம் காட்டும், தராசு அதைப் போக்கிவிடும். வீட்டிலேயே நிறுத்துச் சிறு குப்பிகளில் அடைத்து, எடையா கன அளவா என்பதையும் சேர்த்து மேலே எழுதிவையுங்கள்.

எந்த மருந்து என்று கேட்டால், துல்லியத்துக்காக ஐந்து ஐந்தாக ஏற்றி இறக்கிப் பார்க்க விரும்புகிறவர் பெல்லட்டை விட்டுத் தூள் மருந்துக்கு வர வேண்டும். பெல்லட் 50 அல்லது 30 கிரெயின் துண்டுகளாக வருகிறது. 100-க்கும் 150-க்கும் நடுவே நுணுக்கமாக எதையும் செய்ய முடியாது. 150 கிரெயின் போடலாம் என்று துப்பாக்கிப் பெட்டியில் எழுதியிருந்தாலும், மூன்றாவது பெல்லட் கொடுக்கும் கூடுதல் வேகம் கொஞ்சம், உதை நிறைய, பெரும்பாலான குழல்களில் துல்லியமும் கெடுகிறது. ட்ரிபிள் செவன் கருமருந்தைவிட வேகமுள்ளது, கருமருந்துக்குச் சொன்ன அளவிலிருந்து 15 சதவீதம் குறைத்துத் தொடங்க வேண்டும். தண்ணீரிலேயே கழுவ வருவது அதன் நல்ல குணம். பிரீச்சுக்குச் சற்று முன்னால் கெட்டியான வளையமாகக் கரி படிவது கெட்ட குணம், அடுத்த குண்டு அங்கே போய்ச் சிக்கி அடிவரை இறங்காமல் நிற்கும். காரம் குறைந்த ப்ரைமர் போட்டால் அந்த வளையம் குறையும். பிளாக்ஹார்னுக்கு நேர் எதிர்: சிசிஐ 209எம், ஃபெடரல் 209ஏ போன்ற சூடான ப்ரைமர்கள் வேண்டும், பிரீச் பிளக்கும் அந்த மருந்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மஸில்லோடருக்கென்றே விற்கும் காரம் குறைந்த ப்ரைமரைப் போட்டால் தாமதித்து வெடிக்கும், சில நேரம் வெடிக்காமலே போகும். மருந்தை மாற்றினால் ப்ரைமரையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

துல்லியத்தின் பெரும்பங்கு மருந்தின் அளவில் இல்லை. குண்டு குழலைப் பிடிக்கும் பிடியில்தான் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பலரும் மருந்தையே மாற்றிக்கொண்டிருப்பதுதான். .50 என்று பெயர் இருந்தாலும் குழலின் உள்விட்டம் 0.500 முதல் 0.504 அங்குலம் வரை மாறும். சேபோ என்பது குண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை. .50 குழலில் 0.451 அல்லது 0.452 அங்குலக் குண்டு அதற்குள் உட்கார்ந்து போகிறது. குழலின் சுருள்வரியைப் பிடித்துச் சுழல்வது உறை, அந்தச் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பதும் உறை, குழல்வாயைத் தாண்டியதும் இதழ் விரித்துக் கழன்று விழுவதும் உறை. உறை தளர்ந்திருந்தால் மருந்தின் வாயு பக்கவாட்டில் கசியும், குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் இறக்கும்போதே நசுங்கும், கோலின் நுனியால் குண்டின் மூக்கும் சப்பையாகும். பிரீச் பிளக்கைக் கழற்றிவிட்டு, மருந்தில்லாமல் ஒரு சேபோவைக் குண்டோடு குழல் முழுக்கத் தள்ளி வெளியே எடுத்துப் பாருங்கள். சுருள்வரியின் தடம் உறையைச் சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் பிடி சரி. தடம் மங்கலாகவோ ஒரு பக்கமாகவோ இருந்தால் வேறு உறை வேண்டும். குண்டை மாற்றாமல் உறையை மட்டும் மாற்றி ஆறு அங்குலத்தை இரண்டு அங்குலமாக்க முடியும். ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் வரிவைத்த உறைகள் இறுகிய குழல்களில் எளிதாக இறங்கும்.

சுட்டபின் விழுந்த உறைகளைத் தேடிப் பொறுக்குங்கள், இலக்குத் தாள் சொல்லாததை அவை சொல்லும். குழல்வாய்க்கு முன்னால் பத்து முதல் முப்பது கெஜத்துக்குள் பெரும்பாலும் கிடக்கும். மைதானத்தில் எல்லாரும் சுடுவதை நிறுத்திய பிறகு மட்டும் போங்கள். இதழ்கள் எல்லாம் ஒரே அளவில் மலர்ந்திருந்தால் உறை ஒழுங்காகக் கழன்றிருக்கிறது. ஒரு இதழ் முறிந்தோ ஒன்று மட்டும் மடங்கியோ இருந்தால் கழலும்போது குண்டை இடித்துத் தள்ளியிருக்கிறது. அடிப்பாகம் உருகியோ ஓட்டையாகியோ இருந்தால் அந்த உறைக்கு மருந்து அதிகம், அல்லது குழல் சூடேறிப் பிளாஸ்டிக் இளகிவிட்டது. வெயில் நாளில் குழலைத் தொட்டால் கை சுடும் நிலையில் கெட்டித்த சேபோவிடம் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம், வெயில் அதிகமானால் பத்து நிமிடம் விடுங்கள்.

உறையே இல்லாத வழிகளும் உண்டு. முழு விட்டத்துக்கு வார்த்த ஈயக் கூம்புக் குண்டு இன்லைன் குழல்களில் நன்றாகப் போகும். அதற்கும் மருந்துக்கும் நடுவே கம்பளி ஃபெல்ட் வட்டு ஒன்று வைத்தால் பலவற்றில் குரூப் (குண்டுகள் தாளில் விழும் கூட்டத்தின் அகலம்) சுருங்கும், உங்கள் மருந்து டப்பாவில் அதற்குத் தடை இல்லை என்று பார்த்துக்கொண்டு வையுங்கள். உங்கள் குழலில் சுருள்வரியின் முறுக்கு எவ்வளவு என்பது இங்கே முக்கியம். இன்லைன் .50 பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது சேபோவுக்கும் நீளக் குண்டுக்கும் உரியது. துணி சுற்றிய உருண்டை ஈயக் குண்டுக்கு 48 முதல் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். பழைய பாணித் துப்பாக்கிக்குச் சொன்ன உருண்டைக் குண்டு அளவை இன்லைனில் போட்டுச் சிதறுகிறது என்று வருந்திப் பயனில்லை.

கெட்டிக்கும் முறை ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். நாளின் தொடக்கத்தில் எண்ணெயைத் துடைத்தெடுத்து, மருந்தில்லாமல் இரண்டு ப்ரைமரை மட்டும் சுடுங்கள். இரண்டாவது ப்ரைமருக்கு முன் கோலின் நுனியில் துணித்துண்டு ஒன்றை வைத்து அடிவரை இறக்கி வைத்து, சுட்டபின் எடுத்துப் பார்த்தால் நடுவில் கருகிய வட்டம் தெரியும். தெரியாவிட்டால் நெருப்புத் துளை அடைத்திருக்கிறது. மருந்தை டப்பாவிலிருந்தோ குடுவையிலிருந்தோ நேரே குழலில் கொட்டாதீர்கள், அளவைக்குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். குழலுக்குள் கங்கு ஒன்று மிஞ்சியிருந்தால் கையிலுள்ள அத்தனை மருந்தும் பற்றிக்கொள்ளும். குண்டை மருந்தின் மேல் உறுதியாக உட்கார வையுங்கள். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் குழல் வீங்கிவிடும், சில நேரம் பிளந்தும் விடும். காலிக் குழலில் கோல் எவ்வளவு வெளியே நிற்கிறது, கெட்டித்த குழலில் எவ்வளவு நிற்கிறது என்று கோலில் இரண்டு கோடு போடுங்கள். இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டோமா, குண்டு பாதியில் நிற்கிறதா என்ற இரண்டு ஐயங்களும் அந்தக் கோட்டில் தீரும். அழுத்தும் பலமும் ஒன்றாக இருக்கட்டும். ப்ரைமர் வைக்காத துப்பாக்கியின் அடிக்கட்டையைக் குளியலறை எடைபார்க்கும் கருவி மேல் ஊன்றி, முகமும் உடம்பும் குழல்வாய்க்கு நேரே வராதபடி நின்று 40 பவுண்டு காட்டும்வரை அழுத்திப் பழகினால் கைக்கு அந்த அளவு வந்துவிடும். ப்ரைமர் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், குழல்வாய் இலக்கைப் பார்த்து நிற்கும்போதுதான்.

பைரோடெக்ஸும் ட்ரிபிள் செவனும் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று, இரண்டையும் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுத் துடைக்க வேண்டும். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. சொட்டினால் தண்ணீர் நெருப்புத் துளைக்குள் இறங்கும். பிளாக்ஹார்னுக்கு இது தேவைப்படாது. எதைச் செய்தாலும் எல்லாக் குண்டுக்கும் செய்யுங்கள். ஒன்றுக்குத் துடைத்து, அடுத்ததற்கு மறந்துபோன குரூப்பிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். தாமதித்து வெடிப்பது இந்தத் துப்பாக்கிகளில் நடக்கக்கூடியதுதான்.

இப்போது அளவு தேடலாம். 250 கிரெயின் குண்டு, குழலைச் சரியாகப் பிடிக்கும் உறை, தூள் மருந்து கன அளவில் 80 கிரெயின் என்று தொடங்குங்கள். 25 கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்து, 50-க்கு வந்து, பிறகு 100. அங்கே 80, 85, 90 என்று ஐந்து ஐந்தாக ஏற்றி ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு, கையேட்டின் எல்லைக்குள் 110 வரை. ட்ரிபிள் செவன் தூளானால் 100-ஓடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் புதுத் தாள், நடுவில் ஸ்கோப்பைத் தொடாதீர்கள். குரூப் எங்கே விழுகிறது என்பது இப்போதைக்குப் பொருட்டல்ல, எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கேள்வி. மூன்று குண்டுக் குரூப் ஒன்றை நம்பி முடிவெடுக்காதீர்கள், தற்செயலாக மூன்றும் ஒட்டி விழுவது சகஜம். மூன்றை வைத்து மோசமானவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சிய இரண்டு அளவுகளை வேறொரு நாளில் ஐந்து ஐந்து குண்டாகச் சுட்டுப் பாருங்கள். பெரும்பாலான குழல்கள் 90-க்கும் 105-க்கும் நடுவே எங்கோ அமைதி அடைகின்றன. 100 கெஜத்தில் ஐந்து குண்டு இரண்டு அங்குலத்துக்குள் என்றால் வேட்டைக்குத் தாராளம், அதற்கு மேல் துரத்துவது விருப்பமிருந்தால் செய்யலாம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குண்டையும் ப்ரைமரையும் சேர்த்து மாற்றிக் குரூப் நன்றாகிவிட்டால் எது செய்த நன்மை என்று சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

தாளைப் படிப்பதில் என் கணிப்புகளைச் சொல்கிறேன். இவை நோய்க்குறி மாதிரி, தீர்ப்பு அல்ல. மேலும் கீழுமாக நீண்ட குரூப் என்றால் மருந்தின் அளவோ, அழுத்தும் பலமோ, பற்றவைப்போ குண்டுக்குக் குண்டு மாறுகிறது. இடமும் வலமுமாக நீண்டால் காற்று, விசையை இழுக்கும் விரல், கன்னம் ஊன்றும் இடம். இரண்டு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து விழுந்தால் மறுபடி மவுண்டுக்குப் போங்கள், பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். முதல் குண்டு மட்டும் விலகி மற்றவை நெருங்கியிருந்தால் குழலில் எண்ணெய் மிஞ்சியிருந்தது, அல்லது உங்கள் குழல் கரி படிந்த பிறகுதான் நிலைப்படுகிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஆறு அங்குலத்துக்குச் சிதறினால், மவுண்ட் சோதனை தேறியிருக்கும் பட்சத்தில், நான் முதலில் சந்தேகிப்பது உறையைத்தான். உங்கள் தாளை நான் பார்க்கவில்லை, நீங்கள் சொன்ன ஆறு அங்குலம் எந்த வடிவத்தில் இருந்தது என்பதை வைத்து இந்த வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள்தான்.

கெட்டிப்பு முடிவானதும் ஸ்கோப்பை எங்கே நிறுத்துவது? 250 கிரெயின் குண்டு நொடிக்கு 1,900 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்தால், 100 கெஜத்தில் குறியிலேயே அடிக்கும்படி வைத்த துப்பாக்கி 150-இல் நான்கைந்து அங்குலம் தாழ்ந்தும், 200-இல் ஓர் அடிக்குச் சற்றே அதிகமாகத் தாழ்ந்தும் அடிக்கும். 100-இல் இரண்டு அங்குலம் மேலே அடிக்கும்படி வைத்தால் 150 கெஜம் வரை குறியை மாற்றாமல் சுடலாம். எண்கள் தோராயமானவை, குண்டின் வடிவத்தைப் பொறுத்து நகரும், அதனால் 150-இலும் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். காற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மணிக்கு பத்து மைல் குறுக்குக் காற்று இந்தக் குண்டை 100 கெஜத்தில் ஏறத்தாழ மூன்று அங்குலம் தள்ளும், 200-இல் ஓர் அடி. 200 கெஜத்தில் மிருகத்தை நோக்கிச் சுடுவதை நான் ஊக்குவிக்காததற்குத் தாழ்வைவிடக் காற்றுதான் காரணம்.

வேட்டைக்கு முன் இன்னும் ஒரு சோதனை மிச்சம். சுத்தம் செய்து, எண்ணெயைத் துடைத்தெடுத்து, ப்ரைமர் மட்டும் சுட்டு, குளிர்ந்த குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டுத் தாளை எடுத்துவையுங்கள். இதை மூன்று வெவ்வேறு நாள் செய்து மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். காட்டில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதல் குண்டுதான், அது விழும் இடத்துக்கு ஸ்கோப்பைத் திருத்துங்கள், மேசையில் சுட்ட ஐந்தின் நடுவுக்கு அல்ல. சுட்ட அன்றே கழுவிவிடுங்கள். கருமருந்தும் பைரோடெக்ஸும் விட்டுப்போகும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவைத் தொடங்கிவிடும், அந்தக் கரி பேஸின் அடியிலும் திருகுத் தலையிலும்கூடப் படியும். பிளாக்ஹார்னைத் தண்ணீரில் அல்ல, துப்பாக்கி சால்வென்டில் துடைக்க வேண்டும். பிரீச் பிளக்கின் நெருப்பு வழியில் சேரும் கெட்டிக் கரியைக் கால் அங்குலத்தில் பாதி அளவுள்ள துரப்பண முனை ஒன்றைக் கையால் திருப்பி எடுங்கள், இயந்திரத்தில் மாட்டாதீர்கள். பிளக்கை மரைக்கு கிரீஸ் தடவி மாட்டும்போது பெயின்ட் கோடுகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.